அரிவாள்மணையும் ஆற்று மீனும்

சரித்திரம் எழுதுகிறவர்களுக்குக் கூடத்தின்மேல் இருக்கும் மதிப்பு கொல்லைப்புறத்தின்மேல் இருப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1010-ஆம் வருஷத்தில் எழுந்து நின்ற அந்தக் கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்ததும், அவன் தமக்கை குந்தவை கொடுத்ததும், ராணிகளும் அதிகாரிகளும் கொடுத்ததும் எடை போட்டு, எண்ணிக்கை போட்டுக் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. சுவாமிக்கு வாசனைத் தண்ணீர் சேர்ப்பதற்கான ஏலத்துக்கும் சண்பக மொட்டுக்கும்கூட அங்கே கணக்கு உண்டு. அதே வருஷத்தில், அந்தக் கோயிலுக்கு நாலு கூப்பிடு தூரத்தில், ஏதோ ஒரு குடிசையின் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து கெண்டை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். அவள் எதைக் கொண்டு எடுத்தாள், எப்படி எடுத்தாள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

"மீன் செதிலுக்குக்கூட ஒரு சரித்திரமா?" என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். சைவ வாசகர்கள் இந்த ஒரு தடவை மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தால் போதும். சாப்பிடச் சொல்ல மாட்டேன். நெல்லைப்பற்றிப் பேசாமல் தஞ்சாவூரைப்பற்றிப் பேச முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நெல் நிற்கும் தண்ணீரில் மீனும் நிற்கிறது என்பதையும், அந்த மீன் குழம்புச் சட்டிக்குப் போகுமுன் ஒரு ஜோடிக் கைகளின் வழியாகப் போக வேண்டியிருக்கிறது என்பதையும் நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த கைகள் என் அப்பாயியின் கைகள். அப்பாவைப் பெற்றவளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். கும்பகோணத்துக்கும் அணைக்கரைக்கும் நடுவில், கொள்ளிடத்தை ஒட்டிய கிராமம் எங்களுடையது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். மூடிச் சில நாட்களில் வாய்க்கால்கள் வற்றி, மடுக்களில் மட்டும் தண்ணீர் தேங்கும். 1950-களில் எங்களைப் போன்ற பையன்களுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. வாய்க்காலின் குறுக்கே சேற்றை வாரிக் கரை போட்டு, தண்ணீரை இறைத்து, ஊத்தாவைக் கவிழ்த்து, கையை விட்டுத் துழாவிப் பிடித்துக்கொண்டு வந்து கொல்லையில் பறியைக் கொட்டுவோம். எங்கள் வீரம் அதோடு முடிந்தது. அதற்குமேல் அப்பாயியின் ராஜ்யம்.

அவள் செய்ததற்கு எங்கள் ஊரில் 'மீன் ஆய்வது' என்று பெயர். கீரையையும் ஆய்வார்கள், மீனையும் ஆய்வார்கள். வேண்டாததை நீக்கி வேண்டியதை எடுப்பதற்கு அந்தச் சொல். பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் செய்வதற்கும் 'ஆய்வு' என்றுதானே பெயர்? இரண்டும் ஒரே வினைச்சொல்லின் பிள்ளைகள். பின்னவர்களுக்குப் பட்டம் கொடுக்கிறார்கள், முன்னவர்களுக்கு முதுகுவலி.

எறவாணத்தில் செருகியிருக்கும் மீன் அரிவாள்மணையை அப்பாயி எடுப்பாள். காய்கறிக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்று வீட்டில் இரண்டு உண்டு. ஒன்று மற்றதன் வேலைக்குப் போகாது. கிணற்றடிக்குத் தள்ளி, முருங்கை நிழலில், ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சாம்பலோடு உட்காருவாள். பறியில் வந்த ஜாதி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மரியாதை. கெண்டை, சேல் வகைகளை இரண்டு கையாலும் பிடித்து, அரிவாளின் வாயில் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதில் எழும்படி உரசுவாள். விரால் அப்படி எளிதில் அகப்படாது. காற்றைச் சுவாசிக்கிற மீன் ஆகையால் தண்ணீரை விட்டு வெளியே வந்தும் வெகுநேரம் உயிரோடு துள்ளும், மேலெல்லாம் வழவழப்பு. அதன்மேல் சாம்பலைத் தூவி, தலையில் ஒரு தட்டுத் தட்டி, துவைக்கிற கல்லில் கறுப்புப் போய் வெள்ளை தெரியும்வரை தேய்ப்பாள். கெளுத்திக்கும் வாளைக்கும் செதிலே கிடையாது. ஆனால் கெளுத்தியின் முள் குத்தினால் ராத்தூக்கம் போய்விடும், ஆகையால் முதலில் முள்ளை ஒடிப்பாள். விரல் நீளம்கூட இல்லாத அயிரைக்கு அரிவாள் எதற்கு? உட்புறம் சொரசொரப்பான மண்சட்டியில் போட்டுக் கல்லுப்பைச் சேர்த்து, உள்ளங்கையால் சுற்றிச் சுற்றி உரசி, நுரை அடங்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றுவாள். பிறகு செவுளைக் கிள்ளி, குடலை உருவி, பித்தப்பை உடையாமல் எடுத்து, கடைசியில் உப்பும் மஞ்சளும் போட்டு ஒரு தண்ணீர், புளி கரைத்து ஒரு தண்ணீர்.

ஒரு நாள் நான் கேட்டேன்: "ஏன் அப்பாயி, வாலுலேருந்து தலைக்குத் தேய்க்கிறே? தலையிலேருந்து தேய்ச்சா என்ன?"

"கூரையில மழை எந்தப் பக்கம்டா வழியுது?"

"மேலேருந்து கீழே."

"மீனுக்குத் தலையிலேருந்து வாலுக்குத் தண்ணி வழியுது. அதுக்குத் தக்கன ஓடு வேஞ்சு அனுப்பியிருக்கான். ஓட்டைப் பிரிக்கிறவன் எறவாணத்துலேருந்துதான் பிரிக்கணும். மேலேருந்து பிரிச்சா கைதான் வழுக்கும்."

செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, முன்முனை தோலில் புதைந்து, பின்முனை வெளியே நிற்கின்றன என்று பிற்பாடு நான் படித்த புத்தகங்கள் சொன்னதும் இதேதான். புத்தகத்தில் எறவாணம் மட்டும் இல்லை.

அந்தச் சாம்பலைப்பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாயி இரண்டு சாம்பல் வைத்திருந்தாள். ஒன்று விறகுச் சாம்பல்; மற்றொன்று உமிச் சாம்பல். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்கிற காரம் இருக்கிறது; அது வழவழப்பையும் கொழுப்பையும் வெட்டும். உமிச் சாம்பலோ பெரும்பாலும் சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. கைக்குப் பிடிமானம் கொடுத்து, தோலையும் தேய்க்கும். நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்கா உமியில் சேர்ந்து, அடுப்பில் வெந்து, அதே வயல் வாய்க்காலின் மீனைத் தேய்க்க வருகிறது. நெல்லுக்கும் மீனுக்கும் உள்ள உறவைப்பற்றி இதைவிடப் பொருத்தமான சாட்சி எனக்குத் தெரியாது. புளித் தண்ணீருக்கும் காரணம் உண்டு. குளத்து மீனில் வரும் சேற்று வாசனைக்கு ஜியாஸ்மின் என்று ஒரு பொருள் காரணம். தண்ணீரில் வாழும் சில நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. புளிப்புப் பட்டால் அது சிதைந்துபோகும். அப்பாயிக்கு ஜியாஸ்மின் தெரியாது. புளி தெரியும்.

அரிவாள்மணையும் லேசுப்பட்ட கருவி அல்ல. மேல்நாட்டுச் சமையற்கட்டில் பண்டம் பலகையில் கிடக்கும், கத்தி அதன்மேல் ஓடும். ஒரு கை கத்திக்கே போய்விடுகிறது. நம் முறையில் வெட்டுவாய் அசையாமல் நிற்க, மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, பண்டத்தை இரண்டு கையாலும் அதனிடம் கொண்டுபோகிறோம். வங்காளத்தில் இதையே போட்டி என்றும், மராத்தியில் விளி என்றும் சொல்லுகிறார்கள். துள்ளுகிற, வழுக்குகிற மீனுக்கு இரண்டு கையும் தேவை என்று யாரோ ஒரு பெண் என்றைக்கோ கண்டுகொண்டிருக்க வேண்டும். அவளுக்குச் சிலை கிடையாது. ஆனால் குந்தியிருந்து குனிந்தே செய்யும் இந்த வேலையில் இடுப்பு என்ன பாடுபடும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், நான் ஒரு பக்கத்துக் கதையைச் சொன்னவன் ஆவேன்.

இனி ஏடுகளின் பக்கம் போவோம். மீன் நம் இலக்கியத்தில் ஏராளம். கரிகாலன் காலத்துக் காவிரிநாட்டைப் பாடும் பொருநராற்றுப்படையில் மலைப்பக்கத்தார் தேனும் கிழங்கும் கொடுத்து, மீன் எண்ணெயும் கள்ளும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பட்டினப்பாலையில் புகாரின் பரதவர் கடல் இறாவைச் சுட்டும் வயல் ஆமையை வேகவைத்தும் தின்கிறார்கள். சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். பிடிப்பதும் உண்டு, விற்பதும் உண்டு, தின்பதும் உண்டு. நடுவில் ஒரு கட்டம் மட்டும் விடுபட்டிருக்கிறது. பழைய கல்வெட்டுகளிலோ பாசிப்பாட்டம் என்று, குளத்து மீன் பிடிக்கும் உரிமைக்குச் செலுத்த வேண்டிய வரி வருகிறது. சர்க்காருக்குப் பிடிக்கும் உரிமையில் அக்கறை இருந்தது. ஆய்கிற உழைப்பில் வரி போட ஒன்றும் இல்லை; ஆகவே எழுத்தும் இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார் வருகிறார். நாள்தோறும் வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். வறுமை வந்த காலத்தில் ஒரு நாள் ஒரே மீன்தான் கிடைத்தது. அதுவும் பொன்னும் மணியுமாக ஜொலித்த மீன். அதையும் கடலுக்கே கொடுத்தார். அந்தத் தியாகத்துக்கு ஈடில்லை, சந்தேகமில்லை. ஆனாலும் சின்ன வயதில் எனக்குத் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை: அன்றைக்கு அவர் வீட்டில் ஒரு பெண்மணிக்குச் சாம்பலும் அரிவாள்மணையும் வேண்டியிருந்திருக்காது, பானையில் போட ஒன்றும் இருந்திருக்கவும் இருக்காது.

செதிலைக் கவனித்த ராஜா ஒருவன் கிடைக்கிறான். ஆனால் நம் ராஜா அல்ல. சோழருக்குத் தீராத போட்டியாளரான மேலைச் சாளுக்கியரில் மூன்றாம் சோமேசுவரன் 1130-ஐ ஒட்டி மானசோல்லாசம் என்ற சம்ஸ்கிருதக் களஞ்சியத்தைத் தொகுத்தான். அதில் தூண்டில் வினோதத்துக்கு ஒரு பகுதி. முப்பதுக்கும் மேற்பட்ட மீன்களைச் சொல்லும்போது, செதில் உள்ளவை, செதில் இல்லாத தோல் மீன்கள் என்று பிரித்துவிடுகிறான். இந்தப் பிரிவு ராஜ மூளையில் தானாக உதித்தது என்று நம்புவதற்கு எனக்குக் கொஞ்சம் தயக்கம். சமையற்கட்டில் மீன் ஆய்ந்தவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் ஒவ்வொரு நாளும் கையில் தட்டுப்படும்.

சோமேசுவரனுக்கும் வெகு காலத்துக்கு முன்பே யூதர்களின் வேதம் துடுப்பும் செதிலும் உள்ள மீனையே தின்னலாம் என்று விதித்திருந்தது. இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், நம் கெண்டையும் விராலும் உலக சாஸ்திரத்துக்குள் நுழைந்தது ஒரு யூத வைத்தியரின் மேஜை வழியாக. காவிரி கடலில் கலக்கும் பூம்புகாருக்குத் தெற்கே தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள். அங்கே பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இருந்த பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், நம் பக்கத்து மீன்களைச் சேகரித்துப் பெர்லினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே வாங்கி வைத்துப் பார்த்து, படம் எழுதுவித்து, பெயர் சூட்டியவர் மார்க்கஸ் எலீசர் பிளாக் என்ற டாக்டர். விராலுக்கு 1793-ல் சாஸ்திரப் பெயர் கொடுத்தவர் அவர்தான். அதற்கு முந்தின வருஷம் பனையேறிக் கெண்டைக்கும் பெயர் கொடுத்தார். அந்தப் பெயரில் உள்ள லத்தீன் சொல்லுக்கு ஆமை போன்றது என்று அர்த்தம்.

பனையேறிக் கெண்டையை ஆய்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரியும். ஓடு போன்ற கெட்டிச் செதில்; செவுள் மூடியில் ரம்பப் பல். எங்கள் வீட்டில் அது வந்தால் அப்பாயி முகம் சுளிப்பாள். சுவைக்காக மட்டும் மன்னிப்பாள். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினண்ட், 1791 நவம்பரில் இந்த மீன் ஒரு குளக்கரைப் பனைமரத்தில் ஐந்தடி உயரத்துக்கு ஏறியிருந்ததைக் கண்டு பிடித்ததாக எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டது. ஐரோப்பா முழுவதும் ஒரே ஆச்சரியம். நம்பியவர் பாதி, நம்பாதவர் பாதி. பனையேறி என்று தமிழர்கள் அதற்கு முன்பே பெயர் வைத்திருந்தார்கள் என்ற சமாசாரமும் கூடவே போயிற்று. பெயர் வைத்த தமிழர் யார் என்று கேட்பாரில்லை.

அதன் பிறகு செதிலுக்கு நல்ல காலம் பிறந்தது. 1833 முதல் 1843 வரை லூயி அகாசிஸ் வெளியிட்ட புதைமீன் ஆராய்ச்சி நூலில் மீன் குலம் முழுவதையும் செதிலின் வடிவத்தை வைத்தே வகுத்தார்: சீப்புப் பல் உள்ளது, வட்டமாய் வழவழப்பாய் உள்ளது என்று இப்படி நாலு வகை. பனையேறியின் செதில் சீப்பு வகை, உள்ளங்கையைக் கீறும். கெண்டையின் செதில் வட்ட வகை, கையோடு ஒட்டும். சென்னைப் பட்டாளத்து வைத்தியரான பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் நூலில் மீனின் பக்கவாட்டுக் கோட்டில் எத்தனை செதில் என்று எண்ணி எண்ணி இனம் பிரித்தார். செதிலில் உள்ள வளையங்களைக் கொண்டு மீனின் வயதை மதிப்பிடும் வழக்கமும் வந்தது. நம் பெண்கள் முருங்கைமரத்து அடியில் கொட்டி வந்த குப்பை, பூதக்கண்ணாடிக்கு அடியில் பொக்கிஷமாயிற்று.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். டே எண்ணியது சேகரித்து வைத்த மீன்களின் செதிலை. அப்பாயியைப் போன்றவர்கள் கண்டது வருஷா வருஷம் ஆறு அனுப்பிய மீன்களை. எது வருகிறது, எது வரவில்லை என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். காவிரியின் கடந்த இருநூறு வருஷச் சரித்திரத்தை அரிவாள்மணைக்குப் பக்கத்தில் குவிந்த செதிலிலேயே படித்துவிடலாம்.

1836-ஐ ஒட்டி ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையும் எங்கள் அணைக்கரையில் கீழணையும் கட்டினார். நெல்லுக்கு அதனால் வாழ்வு. ஆனால் கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறி முட்டையிட வரும் உல்ல மீனுக்குக் கதவு சாத்தியதுபோல் ஆயிற்று. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் அதே மீன்தான். ஆற்றின் குறுக்கே எழும் அணைகளால் மீன்வளம் கெடுமோ என்று பிற்காலத்தில் காட்டனே கவலை தெரிவித்தார். டேயைச் சர்க்கார் விசாரிக்கச் சொல்லிற்று. 1934-ல் மேட்டூர் அணை வந்தது. வெள்ளம் கட்டுக்குள் அடங்கியது. உல்லம் ஏறுவதும் அத்தோடு வெகுவாகக் குறைந்தது. அப்பாயி கல்யாணமாகி வந்த புதிதில் வெள்ளக் காலத்தில் உல்லம் ஆய்ந்திருக்கிறாள். "வெள்ளிக் காசு மாதிரி செதிலுடா. குழந்தைங்க பொறுக்கிக்கிட்டுப் போய்க் காசு விளையாடும்" என்பாள். நான் அந்தக் காசை ஒருநாளும் பார்த்ததில்லை.

1907-ல் சர் பிரடெரிக் நிக்கல்சனின் தலைமையில் சென்னை மாகாண மீன்துறை ஆரம்பமான பிறகு, கட்லா போன்ற வடக்கத்திய பெருங்கெண்டைகள் நம் ஆறு குளங்களுக்குக் குடியேறின. பெரிய மீன், பெரிய செதில். அதனால் வேலை சுலபம், குறை சொல்ல முடியாது. 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு ஆப்பிரிக்கத் திலேப்பியா வந்தது. சில வருஷங்களில் குளம் குட்டையெல்லாம் அதன் பட்டாளம். நம் ஜனங்கள் அதற்கு ஜிலேபிக் கெண்டை என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். முதல்முதலில் எங்கள் பறியில் அது வந்தபோது அப்பாயி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்; முதுகு முள் குத்தி விரலில் ரத்தம் வந்தது. "இது நம்ம தண்ணி மீனு இல்லேடா. கைக்குப் பழக்கமில்லே" என்றாள். எந்தத் துறையின் அறிக்கையும் எங்கள் கிராமத்துக்கு வருமுன் அவள் விரல் அறிக்கை கொடுத்துவிட்டது.

இன்றைக்குத் தமிழ்நாட்டு ஏரி குளங்களில் இன்னொரு விருந்தாளி. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்வதற்காகத் தென்னமெரிக்காவிலிருந்து வாங்கி வந்து, வளர்ந்ததும் யாரோ தண்ணீரில் விட்டுவிட்ட டேங்க் கிளீனர் மீன். அதற்குச் செதில் கிடையாது. உடம்பு முழுவதும் எலும்புக் கவசம். வலையைக் கிழிக்கும், விலை போகாது. அரிவாள்மணைக்கு அடங்காத மீன் அது ஒன்றுதான். அப்பாயி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். எழுதக்கூடிய வார்த்தையாக இருந்திருக்காது.

அப்பாயி போய் வெகு காலம் ஆகிறது. இப்போது பட்டணத்து மார்க்கெட்டில் மீன் வாங்கினால் அங்கேயே ஆய்ந்து கொடுத்துவிடுகிறார்கள். புளியமரக் கட்டை, கனத்த கத்தி, பல் வைத்த இரும்புச் சுரண்டி. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சமீபத்தில் ஒரு கடையில், வரிசையாகச் சோடா மூடிகளை ஆணியடித்த கட்டையால் செதில் எடுப்பதைப் பார்த்தேன். 1892-ல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் என்பவர் புட்டியை மூடுவதற்காகக் காப்புரிமை பெற்ற அந்தப் பல் மூடி, பல தேசங்களில் ஏழைகளின் மீன் சீப்பாக மாறியிருக்கிறது. கண்டுபிடித்தவர் பெயர் தெரிகிறது. மாற்றியவர் பெயர் வழக்கம்போல் இல்லை.

அந்தக் கடையில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டியிருந்தாள்.

"ஆத்து மீன் வருதா அம்மா?" என்று கேட்டேன்.

"எங்கேங்கையா? எல்லாம் ஆந்திரா லாரியில ஐஸ்ல வருது. செதிலைத் தொட்டாலே தெரியும். புது மீனா இருந்தா செதில் பிடிவாதமா நிக்கும். பழசுன்னா கூப்பிட்டதும் வந்துடும். நான் சொன்னா கடைக்காரரு கோவிச்சுக்குவாரு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாயி சொன்னதும் அதேதான். ஆய்கிறவளுக்குத்தான் மீனின் உண்மை தெரிகிறது. முன்பு ஆய்ந்தவளும் அடுப்பில் ஏற்றினவளும் ஒருத்தியே. ஆகையால் அந்த உண்மை வீட்டுக்குள் இருந்தது. இப்போது அது கட்டையோடு நின்றுவிடுகிறது. நமக்கு வருவது வெள்ளைத் துண்டுகள் போட்ட பை. பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுப் பெண்களுக்கு ஒரு மணி நேரமும் ஓர் இடுப்பும் மிச்சமாயிருக்கிறது. அதற்காகச் சந்தோஷப்படாதவன் ஒருநாளும் மீன் ஆய்ந்திராதவன். ஆனால் அந்த இடுப்புவலி மறைந்துவிடவில்லை. காலை முதல் பிற்பகல்வரை மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளிடம் குடிபோயிருக்கிறது. அவளுக்குத் தெரிந்ததைக் கேட்பார் யாரும் இல்லை என்பதும் பழைய கதையே.

போன மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். வாய்க்காலில் பையன்கள் பிடித்த கெண்டையும் இரண்டு விராலும் வாங்கி வந்தேன். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, "நானே ஆயறேன் தாத்தா" என்று முன்வந்தாள். எறவாணம் போய்ப் பல வருஷமாகிறது. பரண்மேல் கிடந்த அரிவாள்மணையைத் துரு போகத் தேய்த்து எடுத்தோம். பிறகுதான் தெரிந்தது, வீட்டில் சாம்பல் இல்லை. 2007-ஐ ஒட்டி அரசாங்கம் இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியபின் எங்கள் தெருவில் விறகு எரியும் வீடு ஒன்றுமில்லை. புகையில் கண் கெட்ட தலைமுறையைப் பார்த்தவன் நான். அடுப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இருந்தாலும் ஒரு கொட்டாங்கச்சிச் சாம்பலுக்கு எங்கே போவது?

கடைசியில் சாலையோரத்து ரைஸ் மில் ஞாபகம் வந்தது. உமியை எரித்துத்தான் அங்கே நெல் அவிக்கிறார்கள். பின்புறத்தில் சாம்பல் மலையாகக் கிடக்கிறது. ஒரு பையை நீட்டினேன். மில்லில் இருந்தவர், "பல் விளக்கவா ஐயா?" என்று சிரித்தார். "மீன் ஆயறதுக்கு" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்க ஆத்தாவும் இதைத்தான் கேட்கும்" என்று சொல்லி, நல்ல சாம்பலாகப் பார்த்து அள்ளிப் போட்டார்.

முருங்கை நிழலில் பேத்தி உட்கார்ந்தாள். சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கெண்டையைத் தலைப்பக்கமிருந்து தேய்த்தாள். கை வழுக்கிற்று.

"ஓட்டைப் பிரிக்கணும்னா எங்கேருந்து பிரிப்பே?" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மீனைத் திருப்பிப் பிடித்தாள். செதில் தெறித்து அவள் முழங்கையில் ஒட்டிக்கொண்டது, வெயிலில் பளபளத்தது.

"புது மீன்தான் தாத்தா. பிடிவாதமா நிக்குது" என்றாள்.

நான் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மீன் சொல்லிக்கொடுத்தது.